நாற்பத்தேழாம் எண் கொஞ்சம் பரவாயில்லை

அத்தியாயம் 11

இறந்து நாற்பத்தெட்டு நாளான ஒரு மனிதர், தமக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று எழுதித் தபாலில் அனுப்பியிருந்தார்.

அந்த உறையைப் பிரித்த கோலத்தில்தான் போன வாரம் ஷோபாவை விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அப்படியே நிற்கிறாள். திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்கால். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், ஆராய்ச்சித் திட்டத்துக்கென்று ஒதுக்கிய அறை. மேசைமேல் தபால்காரர் வைத்துவிட்டுப் போன பதினொரு உறைகள். பத்தை உயிரோடிருப்பவர்கள் அனுப்பியிருந்தார்கள்.

பதினொன்றாவதின் மூலையில் எண் 47 என்றிருந்தது. நாற்பத்தேழு என்றால் ஞானசேகரன். ஞானசேகரன் என்றால் ஷோபாவின் மாமனார். பீன்யாத் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் இரும்பைச் சாணை பிடித்து, பறந்த தூளையெல்லாம் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி மூச்சை விட்டவர். கல்பள்ளி இடுகாட்டில் அவர்மேல் மண் விழுந்த சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

பிப்ரவரி மாதத் தாள் வந்தபோது, சாவதற்கு முன்னால் எழுதி வைத்ததை யாரோ தபாலில் சேர்த்துவிட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மார்ச்சுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அல்சூர் தபாலாபீஸ் முத்திரையில் தேதி பளிச்சென்று விழுந்திருந்தது: மார்ச் 27, 1999. தபால் இலாகா எந்த முத்திரையையும் இவ்வளவு தெளிவாகக் குத்தி அவள் பார்த்ததில்லை.

ஷோபாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அந்த நம்பிக்கையின்மை இத்தனை வருஷமாக நன்றாகத்தான் உழைத்தது. இன்றைக்குக் கொஞ்சம் மக்கர் செய்தது.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. அவள் வேலை செய்வது நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் திட்டத்தில். தலைவர் டாக்டர் ஹரிஷ்குமார். "நோயை அளக்க ஆயிரம் மெஷின் இருக்கு. நோயாளியை அளக்க ஒண்ணுமே இல்லையே!" என்று அவர் மேடைதோறும் கேட்பார். கேட்டுவிட்டு, கைதட்டலுக்காகத் தண்ணீர் குடிப்பார். அளப்பதற்கு வெளிநாட்டிலிருந்து நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று வந்தது. அதைத் தமிழாக்க ஒரு குழு. வாசலில் பனியை வாரிக் கொட்ட முடிகிறதா என்ற கேள்வியை என்ன செய்வது என்று அந்தக் குழு மூன்று முறை கூடி, மூன்று முறையும் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, கடைசியில் அதைக் குடத்தில் தண்ணீர் தூக்குவதாக மாற்றியது.

கடைசிக் கேள்விக்கு நோயாளி தம் வாழ்க்கைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். அதில்தான் பெரிய அதிசயம் நடந்தது. தமிழ்த் தாள்கள் பாதிக்கு மேல் முப்பத்தைந்தில் வந்து நின்றன. துன்பத்தைத் தாங்குவதில் இந்தியனுக்கென்று ஒரு ஆதார எல்லை இருக்கிறது, அது முப்பத்தைந்து, என்று டாக்டர் கட்டுரை எழுதினார். பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க் முப்பத்தைந்து என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் எப்போதும் முதல் மாணவராகவே இருந்தவர்.

மொத்தம் அறுபது பேர் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத இருபது பேருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கான தாளும் உறையும் ஒரே கட்டாகக் கொடுத்து, மாதாமாதம் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தது. கடைசி நேரத்தில் ஓர் ஆள் குறைந்தார். ஊழியர்களின் உறவினரைச் சேர்க்கக் கூடாது என்று விதி. ஆள் சேரவில்லையென்றால் வேலை இல்லை என்பது எழுதாத விதி. ஷோபா இரண்டாவதற்குக் கட்டுப்பட்டு மாமனாரைச் சேர்த்தாள். அவர் செத்த பிறகு எண்ணை முடித்துவைக்க இறப்புச் சான்றைக் காட்ட வேண்டும். காட்டினால் விலாசம் தெரியும். விலாசம் அவளுடையது. ஆகவே பேசாமல் இருந்தாள். செத்தவர் தாமாகவே எழுதுவதை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தாள். நியாயமான எதிர்பார்ப்புதான்.

இப்போது தாளைப் பிரித்தாள்.

கட்டங்களில் அதே நீல மை. அதே சாய்வான டிக். ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு மாதமும் பார்த்த கை. செத்ததற்கு முன்னும் பின்னும் கோடு ஒரு நூல் மாறவில்லை.

மாடிப்படி ஏறுவது: மிகவும் கடினம். குடத்தில் தண்ணீர் தூக்குவது: மிகவும் கடினம். சென்ற மாதத்தைவிட உடம்பு மோசம். முப்பத்தொன்றாவது கேள்வி: தங்கள் சளியில் இரத்தம் காணப்பட்டதா? 'ஆம், பல முறை' என்ற கட்டத்தில் டிக்.

மாமனாருக்கு இருமல் உண்டு, இளைப்பு உண்டு. ரத்தம் ஒரு நாளும் வந்ததில்லை. மண்ணுக்குள் போன பிறகு புதிதாக ஒரு நோய்க்குறி வருமா?

பின்பக்கம் மனசைப் பற்றிய கேள்விகள். சென்ற நான்கு வாரங்களில் தூக்கம்: நன்றாக இருந்தது. மன அமைதி: பெரும்பாலான நேரம். மொத்தத்தில், சென்ற ஆண்டைவிடத் தங்கள் வாழ்க்கை? 'கொஞ்சம் பரவாயில்லை.' நூற்றுக்கு அறுபது.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

ஓஸ்வால்ட். கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுபவன். காக்ஸ் டவுன்காரன். அவன் வேலை செய்யும் வேகத்துக்குக் காரணம், எதையும் படிக்காததுதான். அவள் கையிலிருந்து தாளை உருவினான்.

"ஓஸ்வால்ட், அதைக் குடு. அது சரியில்ல."

"சரியா தப்பான்னு நீயும் நானும் பாக்கக் கூடாதுமா. நோயாளி சொன்னதுதான் வேதவாக்கு. பாஸ் டெய்லி சொல்றாரே." டகடகவென்று தட்டினான். "ஹாய்! நாப்பத்தேழு கோடு பாரேன். அறுபது! நம்ம பேட்ச்லயே ஃபர்ஸ்ட் கிளாஸ்."

திரையில் இரண்டு கோடுகள். உடம்பின் கோடு படுத்துக்கொண்டே போனது. மனசின் கோடு பிப்ரவரியில் தலைதூக்கி மார்ச்சில் எழுந்து நின்றது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. டாக்டர் ஹரிஷ்குமார். கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குள் நுழைந்துவிடுவது போலக் குனிந்தார்.

"உடல் தாழ, மனம் உயர," என்றார் மெல்ல. "பார்த்தீங்களா? உடம்பு விழுந்துட்டே இருக்கு. மனசு எழுந்து நிக்குது. இதைத்தான் நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். யாரு இந்த நாப்பத்தேழு?"

"தபால் ஆளுங்க சார்," என்றாள் ஷோபா.

"வியாழக்கிழமை வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. கோடு காட்டினா போதாதுங்க, ஆளைக் காட்டணும். கூட்டிட்டு வாங்க."

"அவர்… இப்பல்லாம் வெளிய எங்கயும் வர்றதில்லைங்க சார்."

"அதானே அழகு! வெளியே வர முடியாத மனுஷன், வாழ்க்கைக்கு அறுபது போட்டிருக்காருங்க. ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே வரட்டும். என்ன பேசறாருன்னு முன்னாடியே ஒரு தடவை பார்த்துக்கணுமில்ல?"

இப்படியாக, செத்துப்போன தன் மாமனாரை அழைத்துவருவதற்காக ஷோபா அலுவல் முறையில் தன் வீட்டுக்கே அனுப்பப்பட்டாள்.

* * *

ஜோகுபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மணி பன்னிரண்டு. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால், நட்டநடுப் பகலில் கூடத்து டியூப் லைட் எரிகிறது. அதன் அடியில் அவள் கணவன் சந்திரன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறான்.

சந்திரனுக்கும் பீன்யாவில்தான் வேலை, ராத்திரி ஷிப்டு. அதோடு அவன் மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சாளன். தெருமுனையில் மைக்கைப் பிடித்தால், "தோழர்களே, ஆவி என்பது இட்லிப் பானையில் மட்டுமே உண்டு!" என்று தொடங்குவான். அப்பா போன மூன்றாவது வாரத்திலிருந்து அவன் அப்பாவின் அறைக்குள் காலடி வைக்கவில்லை. ஓவர்டைம் கேட்டு வாங்கிப் பார்க்கிறான். முதலாளிக்கே ஆச்சரியம்.

"யாரு?"

"நான்தாங்க."

"இன்னா இந்நேரத்துல?"

"ஆபீஸ் வேலையா வந்தேன். அத்தை எங்க?"

"பின்னால குழாயாண்ட போனாங்க." குரலைத் தாழ்த்தினான். "ஷோபா. கேக்குதா?"

கேட்டது. மூடிய அறைக்குள்ளிருந்து. ஆழத்திலிருந்து தொடங்கி, இரண்டு தரம் முட்டி, மூன்றாவதில் கிழிபட்டு, அப்புறம் யாரோ வாயைப் பொத்தியது போல அமுங்கிப்போகும் இருமல். இரண்டு வருஷம் இந்த வீட்டுச் சுவர்கள் கேட்ட இருமல்.

"டெய்லி இந்த நேரத்துக்கு. அப்பாவேதான்," என்றான் சந்திரன்.

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"பாக்குறதுக்கு இன்னா கீது? இதெல்லாம் மூளை பண்ற வேலை. துக்கத்துல காது தானா கேட்டுக்கும்."

"எனக்கும் கேக்குதே."

"உன் மூளையும் பண்ணுது."

"அப்ப சும்மா திறந்து பாருங்களேன்."

"நீ திற," என்று பகுத்தறிவாளர் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

ஷோபா கதவில் கை வைத்தாள். அடுத்த அடி வைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. உள்ளேயிருந்து தைலமும் பழைய வேர்வையும் கலந்த மாமனாரின் வாசம் கதவு இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. தள்ளினாள்.

கட்டிலில் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் சாம்பல் கம்பளி தலையோடு போர்த்தியிருந்தது. தோள்கள் குலுங்கின.

அப்புறம் கம்பளி விலகியது. மாமியார் சாந்தகுமாரி. குழாயடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சந்துப் பக்கத்துப் பின்கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். கம்பளியின் ஓரத்தைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். அதில் ஈரம். ஈரத்தின் நிறத்தை ஷோபா பார்த்துவிட்டாள்.

"இன்னாமா, சீக்கிரம் வந்துட்டே? ஆபீஸ் லீவா?"

"நாப்பத்தேழைக் கூட்டியாரச் சொன்னாரு டாக்டரு."

மாமியார் கம்பளியை முதுகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுச்சா? சனிக்கிழமை போட்டது நாளைக்குத்தான் வரும்னு நெனச்சேன்."

ஷோபா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நீங்களா அத்தை?"

"பின்ன? அவரா எழுந்து வந்து எழுதுவாரு?"

"ஆனா கை ஒரே கையா இருக்குதே. ஆகஸ்ட்லேந்து!"

"ஆகஸ்ட்லேந்து நான்தான். ஒவ்வொண்ணா படிச்சிக் காட்டுவேன். 'நல்லா கீறேன்னு போட்டுட்டுப் போ'ன்னுவாரு. எதைக் கேட்டாலும் நல்லா கீறேன். ராத்திரி முழுக்க செவத்துல சாஞ்சுகினு உக்காந்திருக்கிற மனுஷன்! அவரு சொல்றதை எழுத எனக்கே வெக்கமா இருந்துச்சு. அதான், நான் பாத்ததை எழுதிட்டேன்."

"சரி. அவரு போனப்புறம் எதுக்கு?"

"நீதானம்மா சொன்னே, ஒரு மாசம் போகலைன்னாலும் வேலைக்கு ஆபத்துன்னு. கட்டுல இன்னும் தாளு மிச்சம் கீதே." முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். "பிப்ரவரி தாளை எடுத்துகினு உக்காந்தேன். செத்தவருக்கு இன்னான்னு போடுறது? மாடி ஏற முடியுதான்னு கேட்டிருந்தான். நான் ஏறுறேனான்னு யோசிச்சேன். அப்புடியே என்னுதைப் போட்டுகினே போயிட்டேன். நாப்பத்திரண்டு கேள்வி ஷோபா! என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கி, சமைக்கத் தெரியுமான்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அதுக்கப்புறம் இந்தத் தாளுதான் கேட்டுச்சு."

"'கொஞ்சம் பரவாயில்லை'ன்னு போட்டிருக்கீங்க."

சாந்தகுமாரி சுவரைப் பார்த்தாள். மாமனார் சாய்ந்து சாய்ந்து, சுண்ணாம்பு தேய்ந்து எண்ணெய்க் கறையாகிவிட்ட இடம் அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

"தூக்கம் வருது ஷோபா," என்றாள் கடைசியில். "ரெண்டு வருஷமா நான் தூங்கவே இல்ல. அவரு போன நாலாம் நாளு, விடிஞ்சது தெரியாம தூங்கிட்டேன். எழுந்து உக்காந்து அழுதேன். தூங்குனதுக்கு அழுதேன். அதை அந்தத் தாள்ல உள்ளபடி போட்டேன் பாரு, மறுவாரமே இந்த இருமலு புடிச்சிகிச்சு. அவரு படிச்சிட்டாரு. 'நான் போனது உனக்குப் பரவாயில்லையாடி?'ன்னு நெஞ்சுல உக்காந்துகினு கேக்குறாரு. அவரு இருமலேதான். நீயே கேட்டியே?"

"பயமா இருந்தா, மார்ச்சுல ஏன் மறுபடியும் அதையே எழுதுனீங்க?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா உண்மையான விடையையே குறிக்கவும்னு மேலயே அச்சடிச்சிருக்கானே. பொய் எப்புடி எழுதுறது?"

ஷோபா அந்தக் கம்பளியைப் பின்னாலிருந்து இழுத்து விரித்தாள். ஒரு கறை புதிது. மற்றவை காய்ந்து பழுப்பேறியிருந்தன. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். ஒரு மாதமாக, இன்னும் இரண்டு பேர் நடமாடும் வீட்டில், இவள் ரத்தம் ரத்தமாகத் துப்பியிருக்கிறாள். யாருக்கும் சொல்லவில்லை. ஒரு தாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாளும் ஷோபாவின் மேசைக்குத்தான் வந்திருக்கிறது.

வாசற்படியில் அசைவு. சந்திரன்.

"அம்மா? நீயாம்மா அது?"

"ஏன்டா, ஒங்கப்பன்னு நெனச்சியா?"

"சேச்சே. நான் என்னிக்குமே அப்படி…" என்று தொடங்கியவன், கம்பளியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து பேச்சாளர் இறங்கிப்போய், வெறும் மகன் மட்டும் மிச்சம் நின்றான். "ரத்தமா அது? கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஆஸ்பத்திரி வேணாம். இது அவரு குடுத்தது. அவரே எடுத்துக்குவாரு."

"அம்மா, செத்தவங்க யாரும்…"

"உன் மீட்டிங்க உன்னோட வெச்சிக்கோடா."

ஷோபா மாமியாரின் கையைப் பிடித்தாள். கொதித்தது. "அத்தை, டாக்டர் கூப்பிட்டது நாப்பத்தேழை. யாரும் போகலைன்னா என் வேலை போயிடும். எழுதுனவங்கதானே வரணும்?"

பொய். இவளைக் கூட்டிக்கொண்டு போனால்தான் வேலை போகும். தனக்கு அது தெரியும் என்பது முகத்தில் தெரியாமலிருக்க ஷோபா குனிந்து கம்பளியை மடித்தாள்.

"உன் வேலைக்குன்னா வர்றேன்," என்றாள் சாந்தகுமாரி. "இரு, வேற பொடவை கட்டிகினு வரேன்."

* * *

டாக்டர் ஹரிஷ்குமார் நாற்பத்தேழுக்காக இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, நடுவில் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி, வராந்தாவில் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கி, மருமகள் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமுமாக உள்ளே வந்த பெண்மணியைத் தாண்டி அவர் கதவைப் பார்த்தார்.

"நாப்பத்தேழு எங்கே?"

"இவங்கதான் சார்."

"ஆண்," என்றான் ஓஸ்வால்ட் திரையைப் பார்த்தபடி. "வயசு அறுபத்துநாலு."

"அவரு செத்துட்டாருங்க," என்றாள் சாந்தகுமாரி, மரியாதையாக. "பிப்ரவரி ஒம்பது. மிச்சத்துக்கு நான் எழுதுனேன்."

டாக்டர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"அப்ப… மனம் உயர்ந்தது?"

"அது இவங்களோடது சார்," என்றாள் ஷோபா. "செத்தவர் என் மாமனார். ஆள் குறைஞ்சதுன்னு நான்தான் விதியை மீறிச் சேர்த்தேன். இவங்க என் மாமியார்."

"ரெண்டு ஆள், ஒரே கோடு," என்றான் ஓஸ்வால்ட் மெதுவாக. "அதான் பாஸ் நடுவுல அப்படி எகிறுது."

டாக்டரின் காது மடல்கள் சிவந்தன. "இது எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா? உங்களை நான் இந்த நிமிஷமே…"

"தெரியும் சார். அனுப்பிடுங்க. ஆனா மொதல்ல இவங்களைப் பாருங்க."

என்ன இருந்தாலும் படித்த படிப்பு என்று ஒன்று இருக்கிறது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு சாந்தகுமாரி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் கீறேன்."

சொன்னவள் சேலை நுனியைச் சரிசெய்துகொண்டாள். தாளுக்குச் சொன்ன உண்மையை ஒரு மனிதர் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளால் முடியவில்லை. டாக்டரும் தலையாட்டினார். இந்த ஊரில் அவர் எந்த நோயாளியிடமும் வேறு பதில் கேட்டதில்லை.

ஷோபா மார்ச் மாதத் தாளை எடுத்துப் பூச்சாடிக்குப் பக்கத்தில் விரித்தாள். "முப்பத்தொண்ணு படிங்க சார்."

காலையில் இந்தத் தாளின் கோட்டைப் பார்த்துப் பூரித்தவர், தாளை இப்போதுதான் பார்க்கிறார். படித்தார். மாடிப்படியைப் படித்தார். தண்ணீர்க் குடத்தைப் படித்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, முப்பத்தொன்றை இன்னொரு தரம் படித்தார். கழுத்தில் அலங்காரமாகத் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் காதில் வைத்துக்கொண்டபோது அவர் முகம் கொஞ்சம் வயதானது போலிருந்தது. முதுகில் நான்கு இடத்தில் வைத்தார். இடது பக்கம் கீழே வந்ததும் அங்கேயே நெடுநேரம் நின்றார்.

"ஓஸ்வால்ட். எக்ஸ்ரே சீட்டு எழுது."

"எந்த நம்பர் பாஸ்?"

ஷோபா சீட்டை வாங்கி, பெயர் என்ற இடத்தில் சாந்தகுமாரி, வயது ஐம்பத்தெட்டு என்று எழுதினாள்.

அரை மணியில் படம் வந்தது, ஈரம் காயாமல். ஓரத்தைப் பிடித்தபடி டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஷோபா அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதமாக இந்த மனிதரின் முகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கருத்து இருந்துகொண்டே இருக்கும். இப்போது ஒன்றுமே இல்லை.

"நீங்கதான் மகனா?" என்றார் சந்திரனிடம், தாழ்ந்த குரலில். "கொஞ்சம் வெளியே வாங்க. பேசணும்."

சந்திரன் எழுந்தான்.

"சந்திரா, உக்காரு," என்றாள் அம்மா.

அவன் நின்றான்.

"டாக்டரு," என்றாள் சாந்தகுமாரி. மூச்சு முட்டியது. நாற்காலிக் கையைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டாள். "கேள்வியெல்லாம் எனக்கு அனுப்புனீங்க. நான் ஒண்ணையும் மறைக்காம எழுதுனேன். பதிலை மட்டும் அவன்கிட்ட சொல்றீங்களே?"

டாக்டர் ஹரிஷ்குமார் பதினாறு வருஷமாக வைத்தியம் பார்க்கிறார். கெட்ட செய்தியை மகன்களிடம் சொல்லியிருக்கிறார், புருஷன்களிடம் சொல்லியிருக்கிறார், ஒருமுறை யாருமே இல்லாமல் கொண்டுவந்து விட்ட ஆட்டோ டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். உடம்புக்குச் சொந்தக்காரரிடம் சொன்னது கிடையாது.

பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தை அவள் பார்க்கும்படியாகத் திருப்பி, இடது பக்கத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்கம்மா," என்றார்.

சாந்தகுமாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.